மெதுவான கைக்கு ஒரு வால்

தெருவில் அவளுக்கு இரண்டு பெயர். துணி கொண்டு வருகிறவர்களுக்குத் தையல்காரி. தூண்டில் கோலைத் தோளில் சாத்திக்கொண்டு வருகிறவர்களுக்கு வால்காரி. முதல் பெயர் அப்பா வழியில் வந்தது. அப்பா தையல், அப்பாவின் தம்பி தையல், அவர்களுடைய அத்தை மகன் ஒருவர் கப்பலுக்குப் பாய் தைத்தவர். அந்த வீட்டுக் குழந்தைக்குப் பல் முளைப்பதே நூல் கடிக்கத்தான் என்று கேலி பேசுவார்கள். இரண்டாவது பெயர் அவளே சம்பாதித்தது. அது வந்த கதைதான் இது.

அவள் கட்டிக்கொண்டவர் தூண்டில்காரர். ஆறு கடலில் கலக்கிற இடத்தில், சிநேகிதருடைய படகில் நின்றுகொண்டு, ரப்பர் மீன் போட்டுப் பெரிய மீன் பிடிப்பது அவர் தொழில். ரப்பர் மீன் என்று பெயர்தானே தவிர அது ரப்பர் இல்லை. விரல் நீளத்துக்குக் கொழகொழவென்று ஒரு பிளாஸ்டிக் மீன். உடம்புக்குள் தூண்டில் முள் செருகியிருக்கும், தலையில் ஈயக் குண்டு, பின்னால் வால், வால் நுனியில் சின்னதாக ஒரு தட்டு. தண்ணீரில் வீசி, ரீலைச் சுற்றி நைலான் நரம்பை இழுத்தால், அந்த வால் இப்படியும் அப்படியும் அடித்துக்கொண்டு வரும். பயந்து ஓடுகிற குஞ்சு என்று நினைத்து வேட்டை மீன் பாய்ந்து கவ்வும்.

கல்யாணமான நாளிலிருந்து அவள் அந்த மீன்களை ஒரு பொருட்டாக நினைத்ததில்லை. அவர் சட்டைப் பையில் கிடக்கும், துவைக்கும்போது கையில் வழுக்கும், "சனியன் பிடிச்சது" என்று சொல்லி ஜன்னல் விளிம்பில் எடுத்து வைப்பாள். அவ்வளவுதான் உறவு.

பிறகு அவருக்கு நோவு வந்தது. காலையில் முகம் கழுவப் போனவர் குழாயடியில் சரிந்தார். வலது பக்கம் விழுந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் கிடந்தார், வீட்டில் கிடந்தார். பேச்சு திரும்பி வந்தது, கால் திரும்பி வந்தது, கை மட்டும் பாதி வழியில் நின்றுவிட்டது. அது மெதுவான கை. அவர் சட்டையில் ஒரு பொத்தானைப் போட்டு முடிப்பதற்குள் அவள் இன்னொரு சட்டைக்குப் பொத்தான் தைத்து முடித்துவிடுவாள்.

நடக்க முடிந்ததும் அவர் போன முதல் இடம் படகுத்துறை. படகுக்காரருக்கு ஒற்றைச்செருப்பு என்று பட்டப்பெயர். எப்போதோ ஒரு செருப்பைத் தண்ணீரில் விட்டவர், இன்னொன்றைத் தூக்கிப்போட மனசில்லாமல் அதை மட்டும் போட்டுக்கொண்டு திரிந்தார். அவர்தான் கைத்தாங்கலாக ஏற்றி, படகை ஓட்டிக்கொண்டு போனார். வீசுவதற்கு இடது கை சீக்கிரமே பழகிவிட்டது. சுற்றுவது வலது கை. அது சுற்றிய வேகத்துக்கு ரப்பர் மீன் ஈரத்துணி மாதிரி வந்தது. வால் அசையவே இல்லை. கையை மாற்றிப் பார்த்தார். வலது கையால் கோலைத் தாங்க முடியவில்லை. சின்ன மீனை உயிரோடு கோக்கலாம் என்றால், அதைப் பிடிக்க வலை வீச வேண்டும், அதற்கு இரண்டு கையும் வேண்டும். செத்த மீனைக் கோத்தால் நண்டு தின்றுவிட்டு வெறும் முள்ளைத் திருப்பி அனுப்பியது.

வீட்டுக்கு வந்தவர் நாற்காலியைச் சுவர் பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார்.

"கோல் எல்லாத்தையும் நீயே எடுத்துக்கப்பா. இங்க இருந்தா தூசிதான் பிடிக்கும்" என்றார் ஒற்றைச்செருப்பிடம்.

"எடுத்துக்கறேன், இப்ப என்ன அவசரம்? படகைக் கரையேத்திச் சாயம் அடிக்கப் போறேன். அது காஞ்சு தண்ணியில இறங்கற அன்னைக்கு வந்து எடுத்துக்கறேன்" என்றார் அவர். சொல்லிவிட்டு வாசலில் நின்று தையல்காரியைப் பார்த்தார். அவளும் பார்த்தாள். கோல் அந்த வீட்டை விட்டுப் போனால் என்ன ஆகும் என்று இரண்டு பேருக்கும் தெரியும். அந்த நாற்காலி பிறகு சுவரை விட்டுத் திரும்பவே திரும்பாது.

மறுநாள் பின்கட்டில் துணி துவைக்கப் போனாள். படகுக்குப் போட்டுப் போன சட்டையின் பையில் ஒரு ரப்பர் மீன், நரம்புத் துண்டோடு. வழக்கமாகத் திட்டுகிறவள் அன்றைக்குத் திட்டவில்லை. நீளமான சிமெண்டுத் தொட்டி, நிறையத் தண்ணீர். நரம்பைப் பிடித்துத் தொட்டியின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு வெடுக்கென்று இழுத்தாள்.

வால் உயிர் கொண்டது.

அவள் கையை நிறுத்திவிட்டாள். மீன் அடியில் போய்ப் படுத்தது. மறுபடி இழுத்தாள், மறுபடி எழுந்து அடித்தது. வால் இடது பக்கம் போனால் தலை வலது பக்கம் திரும்புகிறது. வால் திரும்பி வந்தால் தலை அந்தப் பக்கம். உள்ளே ஒரு கம்பியில்லை, சாவியில்லை. கையில் எடுத்துப் பிதுக்கிப் பார்த்தாள், வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். ஒன்றுமே இல்லை, வெறும் சதை. அவள் இழுப்பது நேராக, அது ஆடுவது குறுக்காக. அப்படியானால் ஆட்டுகிறது யார்? தண்ணீர்தான். சும்மா கிடக்கிற தண்ணீர், தன்னைக் கிழித்துக்கொண்டு போகிற தட்டை ஒரு பக்கம் தள்ளி, அது போன வழியிலேயே சுழித்து மறுபக்கம் தள்ளுகிறது. இத்தனை வருஷம் இந்தத் தொட்டியில் கை நனைத்திருக்கிறோம், இப்படி ஒன்று இதற்குள் இருந்ததா என்று அவளுக்கு மெய் சிலிர்த்தது. அடுப்பில் வைத்தது தீய்ந்த வாடை தெருமுனைக்கே எட்டியது, அவளுக்கு எட்டவில்லை.

பிறகு மெதுவாக இழுத்தாள். செத்த மீன். அங்கேதான் அவளுக்குப் பொறி தட்டியது. மெதுவான கைக்கும் அடிக்கிற வால் ஒன்று இருந்தால்?

கடையில் கிடைக்கிறதெல்லாம் வேகமான கைக்குச் செய்தவை. அப்படியானால் செய்ய வேண்டியதுதான்.

அவருடைய அக்கா வீட்டுக்காரர் பல் செட் செய்கிறவர். முன்னறையில் கடை, பின்னறையில் பட்டறை. நாலு தெரு தள்ளி. அங்கே போய் நின்றாள்.

"அண்ணா, எனக்குக் கொஞ்சம் பிளாஸ்டர் மாவும் அந்த ரோஸ் மெழுகும் வேணும்."

"யாருக்கும்மா பல்லு?"

"பல்லு இல்லண்ணா. வாலு."

அவர் மூக்குக்கண்ணாடியைத் தூக்கி நெற்றியில் வைத்துக்கொண்டு கேட்டார். முழுக் கதையையும் கேட்டார். "பல்லு இல்லாதவங்களுக்குப் பல்லு வைக்கிறவன் நான். வாலு இல்லாததுக்கு வாலு வைக்க மாட்டேன்னா சொல்லப் போறேன்?" என்று எழுந்துவிட்டார். மெழுகில் முதலில் மீனைச் செதுக்குவது, அதைப் பிளாஸ்டரில் பாதி முக்கிக் கீழ் அச்சு எடுப்பது, மேலே ஊற்றி மேல் அச்சு எடுப்பது, காற்றுக் குமிழ் தங்காமல் மேஜையைத் தட்டிக்கொண்டே இருப்பது, எல்லாம் பல்லுக்குச் செய்கிற மாதிரியேதான். ஊசி பிடித்த விரலுக்கு மெழுகு சொன்னபடி கேட்டது.

கிழிந்த ரப்பர் மீன்கள் ஒரு பை நிறைய வீட்டில் இருந்தன. அவற்றைப் பழைய பால் பாத்திரத்தில் போட்டுப் பின்கட்டில், காற்று போகிற பக்கம் அடுப்பை வைத்து, இளந்தீயில் உருக்கினாள். கொஞ்சம் அசந்தால் மஞ்சளாகிப் புகையும். அந்த வாடைக்கு நாத்தனார் வந்து சேர்ந்தார். அவருக்கு ஊரில் எந்த வீட்டில் எது அடிப்பிடித்தாலும் தெரியும்.

"அடுப்புல என்னடி வேகுது?"

"மீனு, அண்ணி. ரப்பர் மீனு."

"எவ்வளவு நேரம் வெந்தா சாப்பிடலாம்?" என்று முகத்தை மாற்றாமல் கேட்டார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "என் தம்பி உள்ள சுவத்தைப் பார்த்துக்கிட்டு உக்காந்திருக்கான். நீ பக்கத்துல போய் நாலு வார்த்தை பேசுவியா, இங்க பொம்மை செஞ்சுக்கிட்டு இருக்கியே."

"பேசிப் பார்த்துட்டேன் அண்ணி. சுவரு என்னைவிட நல்லாப் பேசுது போல."

நாத்தனார் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, பாத்திரத்தைக் கிண்டுவதற்கு ஒரு குச்சி தேடித் தந்துவிட்டுப் போனார்.

முதல் வால் கட்டை மாதிரி வந்தது. இழுத்த பக்கம் வந்தது, ஆடவில்லை. மெலிதாகச் செய்தால் ஆடும் என்று வாலை முழுக்க மெலிதாக்கினாள். அது காற்றில்லாத நாளில் தொங்குகிற கொடி மாதிரிப் பின்னாலேயே வந்தது. தண்ணீருக்குத் தள்ளுவதற்கு அங்கே ஒன்றும் இல்லை. ஈரக்கையோடு முன்னறைக்கு வந்து உட்கார்ந்தாள். யாரோ கொடுத்த ஜன்னல் திரை மிஷினில் பாதி தைத்தபடி கிடந்தது. அதை ஒரு உதறு உதறியவள் அப்படியே நிறுத்தினாள். திரையின் அடி மடிப்பைக் கனமாக வைத்துத் தைத்தால்தான் காற்றுக்கு அது ஊஞ்சல் மாதிரி ஆடும். மேலேயும் கனம் வைத்தால் ஆடாது. நுனி கனக்க வேண்டும், இடுப்பு ஒல்லியாக வேண்டும். எத்தனை வருஷமாகத் தைக்கிற மடிப்பு!

தட்டைத் தடிப்பாக வைத்தாள். தட்டுக்கு முன்னால், உடம்பு முடிந்து வால் தொடங்குகிற இடத்தை, தீக்குச்சி கனத்துக்கு ஒடுக்கினாள். தொட்டியில் போட்டு இழுத்தாள். அப்பா, என்ன ஆட்டம்! கடைச் சரக்கெல்லாம் அதன் முன்னால் பிச்சை வாங்க வேண்டும். வேகத்தைக் குறைத்தாள், ஆடியது. இன்னும் குறைத்தாள், அப்போதும் ஆடியது. ஈரப் பாவாடையோடு ஓடிப்போய் அவரைக் கையைப் பிடித்து இழுத்து வந்தாள்.

"என்னங்க, இதைக் கொஞ்சம் இழுத்துப் பாருங்க."

அவர் தொட்டிக்கரையில் உட்கார்ந்து நரம்பை வலது கையில் வாங்கி இழுத்தார். மீன் கொஞ்ச தூரம் வந்தது. நின்றது. கீழே போயிற்று. மறுபடி கொஞ்சம் வந்தது. வால் தூங்கிக்கொண்டே வந்தது.

"அழகா செஞ்சிருக்க" என்றார். "உன் கைக்கு நீந்தும்." நரம்பைத் தொட்டியின் விளிம்பில் பத்திரமாக வைத்துவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனார்.

அவள் அங்கேயே உட்கார்ந்திருந்தாள். தையல்காரி செய்யக் கூடாத தப்பு அது. போட்டுக்கொள்ளப் போகிறவர் உடம்பில் அளவெடுக்காமல், தன் உடம்பிலேயே அளந்து வெட்டிவிட்டாள். மெதுவாக என்றால் எவ்வளவு மெதுவாக? அவள் தன் கையைத்தானே மெதுவாக்கினாள்? மிஷின் சக்கரத்தைச் சுழற்றிப் பழகிய கை மெதுவாக்கினாலும் ஒரே சீராகத்தான் வரும். அவர் கை அப்படியா போகிறது?

அந்தக் கைக்கு அளவெடுக்க வேண்டும். அதற்கு அவரைக் கூப்பிட்டு மறுபடி தொட்டியில் உட்கார வைக்க அவளுக்கு மனசு வரவில்லை. ஒரு தடவை தோற்றுக் காட்டிய மனுஷனை இன்னொரு தடவை தோற்கச் சொல்வதா?

வழி தானாக வந்தது. பயிற்சி சொல்லித் தருகிற நர்ஸம்மா, டீயை வலது கையால்தான் கலக்கிக் குடிக்க வேண்டும் என்று அவருக்குக் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அவர் சமையலறை மேஜையில் உட்கார்ந்து கலக்குவார். ஜன்னலுக்கு வெளியே தொட்டி. தொட்டியில் கை வைத்திருந்தவள் காதில் அது விழுந்தது. ணங். ணங். பிறகு ஒன்றுமில்லை. பிறகு, ணங். கரண்டி பாதி வட்டம் தள்ளிப் போகிறது, அடியில் ஒரு இடத்தில் கை மறந்துபோய் நிற்கிறது, யோசித்து, மீதி வட்டத்தை இழுத்து முடிக்கிறது. ரீலைச் சுற்றுகிறதும் இந்தக் கைதானே, இதே வட்டம்தானே!

அந்தச் சத்தத்துக்குத் தாளம் போட்டு நரம்பை இழுத்தாள். அவர் நிறுத்தினால் அவளும் நிறுத்தினாள். அப்போதுதான் விஷயம் விளங்கியது. கை நிற்கிற நேரத்தில் ஈயத் தலை கீழே இறங்குகிறது. இறங்கும்போது வால் செத்துக் கிடக்கிறது. மறுபடி இழுக்கும்போது அது விழித்துக்கொள்வதற்குள் கை திரும்ப நின்றுவிடுகிறது. அப்படியென்றால் இழுக்கும்போது நீந்துகிற வால் போதாது. விழும்போதும் நீந்த வேண்டும்.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் டீக்குக் குறைவே இல்லை.

"இப்பத்தானே குடிச்சேன்?"

"வெயிலா இருக்குங்க, குடிங்க."

"வெயிலுக்கு யாராவது சுடச்சுட டீ குடிப்பாங்களா?"

"நல்லாக் கலக்கிக் குடிங்க, சக்கரை அடியில நிக்குது" என்று ஜன்னல் வழியாகக் குரல் கொடுப்பாள். அவர் முணுமுணுத்துக்கொண்டே கலக்குவார். வெளியே அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு இழுப்பாள்.

தட்டை நிமிர்த்தி வைத்திருந்ததை மாற்றித் தொப்பியின் விளிம்பு மாதிரி முன்பக்கம் சாய்த்தாள். மேலிருந்து விழும்போது அது தண்ணீரை அள்ளும் என்று கணக்கு. அள்ளியது, ஆனால் இடுப்பு மடங்க மறுத்தது. இன்னும் ஒடுக்கினால் பிய்ந்து போனது. ரப்பர் மீனை இளக்கும் எண்ணெய் ஒன்றைப் படகுக்காரர் தூண்டில் கடையிலிருந்து வாங்கி வந்து கொடுத்தார். சேர்த்துக் காய்ச்சினால் சதை பூப்போல ஆயிற்று, அதுவும் பிய்ந்தது. தொட்டியின் அடியில் அறுந்த வால்கள் வண்டல் மாதிரிச் சேர்ந்தன. இன்னொரு பக்கம் படகின் சாயம் காய்ந்துகொண்டிருந்தது. ஒற்றைச்செருப்பு போகிற வருகிற வழியில் தலையை நீட்டி, "இன்னொரு பூச்சு பூசிக்கிட்டு இருக்கேன்மா" என்பார். எத்தனை பூச்சுதான் ஒரு படகு தாங்கும்?

பல் செட் அண்ணன் ஒருநாள் வந்து சொன்னார்: "கடைக்கு வந்த பெரியவர் ஒருத்தர் அலமாரியில வெச்சிருந்த உன் ரோஸ் மெழுகு வாலைப் பார்த்துட்டு, 'இது யாரோட நாக்கு'ன்னு கேட்டார்மா. செட்டே வேண்டாம்னு எழுந்து போயிட்டார்." அவள் சிரித்தாள். சிரித்துக்கொண்டே அழுதாள். முடியாது போலிருக்கிறது என்று முதல் தடவையாகச் சொன்னாள்.

"ஒடுக்கினா பியுது, ஒடுக்கலைன்னா மடங்கலை. என்ன செய்யட்டும்ண்ணா?"

"துணின்னா என்ன செய்வ?" என்று அவர் சும்மாதான் கேட்டார்.

துணி என்றால்? கழுத்து வளைவைத் தைத்துத் திருப்பும்போது துணி முரண்டு பிடித்தால், ஓரத்தை மெலிதாக்க மாட்டாள். கத்தரி நுனியால் ஓரத்தில் இங்கே ஒன்று அங்கே ஒன்றாகச் சின்னச் சின்ன வெட்டு கொடுப்பாள். தையல் அறாது, துணி வளைந்துகொடுக்கும்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். மெழுகு மீனின் இடுப்பில் கனத்தைத் திருப்பிக் கொடுத்தாள். அதன்மேல் நூல் சுற்றிய மாதிரி வரிவரியாக வெட்டு வைத்தாள். வெட்டு மடங்க, வெட்டுக்கு இடையே இருக்கிற சதை தாங்க. அச்செடுத்து, உருக்கி, ஊற்றி, ஆறவிட்டு, தொட்டிக்குக் கொண்டுபோனாள். உள்ளே டீ வைத்துவிட்டு வந்தாள்.

ணங். இழுத்தாள். வால் ஒரு அடி அடித்தது. சத்தம் நின்றது, அவள் கையும் நின்றது. மீன் தலைகுப்புற இறங்கியது. இறங்கும்போதே வால் அடித்தது. இப்படி, அப்படி, இப்படி. அடிக்கு அடி உடம்பு முழுக்க ஒரு நெளிவு ஓடி மூக்கு வரை போயிற்று. ணங். மேலே எழுந்தது. நின்றது. இறங்கிக்கொண்டே நீந்தியது. கைக்கு வேகமில்லை, சீரில்லை, பாதியில் மறந்து நிற்கிற கை. அந்தக் கையின் மறதியைக்கூட வீணாக்காமல் வாங்கி நீச்சலாக மாற்றிக்கொண்டிருந்தது, இவள் பால் பாத்திரத்தில் காய்ச்சி எடுத்த ஒரு துண்டுப் பிளாஸ்டிக். சாதா மீன் ஓடும். இது அடிபட்ட குஞ்சு மாதிரி, விழுந்து எழுந்து, பிழைத்துவிடலாம் என்று பார்க்கிற மாதிரி வந்தது. அவளுக்குக் கைகூப்பத் தோன்றியது. யாரைப் பார்த்துக் கூப்புவது என்று தெரியாமல் தொட்டித் தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அவரிடம் சொல்லவில்லை. காட்டவும் இல்லை. தொட்டியில் அல்ல, அந்தக் கை தன் இடத்தில் அதைப் பார்க்க வேண்டும் என்று இருந்துவிட்டாள்.

படகு தண்ணீரில் இறங்கிய அன்று ஒற்றைச்செருப்பு வந்தார். கோல்களைக் கட்டித் தோளில் வைத்துக்கொண்டு, அவள் ஏற்கெனவே காதில் ஓதி வைத்திருந்தபடி தலையைச் சொறிந்தார்.

"எந்தக் கோலுக்கு எந்த நரம்புன்னு எனக்கு ஒரு எழவும் தெரியாது. ஒரு நடை வந்து சொல்லிக் குடுத்துட்டுப் போயிடுப்பா."

"இருபது வருஷமா பக்கத்துலதானே உக்காந்திருந்த?"

"நான் எங்க பார்த்தேன், படகைத்தானே பார்த்தேன்."

தூண்டில்காரர் எழுந்தார். தையல்காரியும் செருப்பை மாட்டிக்கொண்டாள்.

"நீ எங்க வர?"

"புதுச் சாயத்தைப் பார்க்க வேண்டாமா?"

ஆற்றுமுகத்தில் படகு நின்றது. அவள் ஒரு கோலின் நரம்பில் தன் மீனைக் கோத்துவிட்டு, "இதை எப்படி வீசறதுன்னு காட்டுங்க, அவரு பார்த்துக்கட்டும்" என்றாள். அவர் அவளை ஒரு பார்வை பார்த்தார். இடது கையால் வீசினார். வலது கை சுற்றத் தொடங்கியது, பாதி வட்டம், ஒரு நிறுத்தம், மீதி வட்டம். அவள் படகின் ஓரத்தைப் பற்றிக்கொண்டு தண்ணீரையே பார்த்தாள். தொட்டித் தண்ணீர் வேறு, ஆற்றுத் தண்ணீர் வேறு. இங்கே வேறு மாதிரி இழுப்பு.

படகுக்குப் பக்கத்தில், பச்சைத் தண்ணீருக்குள்ளிருந்து மீன் மெல்ல வந்தது. விழுந்து, நீந்தி, எழுந்து, நீந்தி. அவர் கை நின்றது. அது நீந்தியது. அவர் அதைத் தூக்கவில்லை. இரண்டு முழம் நரம்பைத் தொங்கவிட்டுக்கொண்டு, படகோரத்திலேயே அதை இறக்கினார், நிறுத்தினார், ஏற்றினார், நிறுத்தினார். மீன் பிடிக்க வந்தவர் என்பதையே மறந்துபோன மாதிரி விளையாடிக்கொண்டிருந்தார்.

"நின்னாலும் நீந்துதே" என்றார். "நான் நிறுத்தினாலும் நீந்துதே, இவளே!"

மறுபடி வீசினார். பாதி தூரம் வருவதற்குள் கோல் ஒரு வெட்டு வெட்டி வளைந்தது, படகு திரும்பியது, "விடாத விடாத" என்று ஒற்றைச்செருப்பு கத்தினார். உடனே எல்லாம் தொய்ந்து போயிற்று. அவர் சுற்றி எடுத்தார். அவருடைய வேகத்தில் அது வந்து சேர்வதற்குள் மூன்று பேரும் மூச்சு விடவில்லை.

மீன் இல்லை. ரப்பர் மீனில் வாலும் இல்லை. இடுப்பில், வெட்டு வரிகளுக்குச் சற்று மேலே, சீராக ஒரு கடி.

அவள் வாயில் கை வைத்துக்கொண்டாள். தூண்டில்காரர் அந்த முண்டத்தை உள்ளங்கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தோள் குலுங்கியது. அழுகிறார் என்று அவள் பயந்து எழுந்தாள். சிரித்துக்கொண்டிருந்தார். நோவு வந்த பிறகு அந்தச் சிரிப்பை அவள் கேட்டதில்லை. வாய் ஒரு பக்கம் கோணிக்கொண்டது, அவர் அதை மறைக்கவில்லை.

"வாலை மட்டும் கடிச்சுட்டுப் போயிட்டான் பாரு, திருட்டுப் பய. அவன் ரொம்ப நேரமா பின்னாடியே வந்திருக்கான். இன்னும் இருக்கா?"

அவள் பையைத் திறந்து தகர டப்பாவைக் காட்டினாள். நிறைய இருந்தது.

ஒற்றைச்செருப்பு மெதுவாக மற்ற கோல்களை அவிழ்த்து, அதனதன் இடத்தில் செருகத் தொடங்கினார். "அப்ப நான் இதையெல்லாம் வீட்டுக்கு எடுத்துட்டுப் போகணுமா வேண்டாமா?" என்று கேட்டார்.

"கையை எடு அதுல இருந்து" என்றார் தூண்டில்காரர், தலையைத் திருப்பாமல். அடுத்த வாலைக் கோத்துக்கொண்டிருந்தார், அந்த மெதுவான கையால், தானே.